மத்திய ஆயுதக் காவல் படையினருக்கு ஊன ஓய்வூதியம்: தகராறு எழுவது எங்கே?

பணிக்காலத்தில் உடல்திறனை இழந்து, மருத்துவக் காரணத்தால் விடுவிக்கப்படும் மத்திய ரிசர்வ் காவல் படை, எல்லைப் பாதுகாப்புப் படை வீரர்களுக்கு ராணுவத்தின் ஓய்வூதிய விதிகள் பொருந்துவதில்லை. மத்திய அரசு ஊழியர்களுக்கான அசாதாரண ஓய்வூதிய விதிகளே பொருந்தும். 1939-ஆம் ஆண்டு விதிகளுக்கு மாற்றாக 2023-இல் புதிய விதிகள் வந்தன.

ஊனம் பணியால் ஏற்பட்டிருக்க வேண்டும். அல்லது பணியால் தீவிரமடைந்திருக்க வேண்டும். இதுவே அடிப்படை நிபந்தனை. குண்டுக் காயம் என்றால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. இதய நோய், மனநலப் பாதிப்பு போன்றவற்றில்தான் இழுபறி. சேரும்போது முழுத் தகுதி பெற்றவருக்கே ‘பணிக்குத் தொடர்பில்லை’ என்ற பதில் வரும்போது வழக்கு நீதிமன்றத்தை எட்டுகிறது.

தொடர்பு நிறுவப்படாவிட்டாலும் இயலாமை ஓய்வூதியம் உண்டு. 10 ஆண்டுப் பணி முடிக்காதவர்களுக்கும் 2019 முதல் அது வழங்கப்படுகிறது. ஆனால், அதில் ஊனத்துக்கான கூடுதல் தொகை இராது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016), பணியில் ஊனமுற்றவரை நீக்கக் கூடாது, அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும் என்கிறது. இப்படைகளின் களப் பணியிடங்களுக்கு 2021 ஆகஸ்டில் மத்திய அரசு இதிலிருந்து விலக்கு அளித்தது. ஆகவே, பலருக்கு எஞ்சும் ஆதாரம் ஓய்வூதியம் மட்டுமே. காயம் நேர்ந்த உடனே பதிவாகும் துறை விசாரணை அறிக்கையும் மருத்துவக் குறிப்பும் பின்னாளில் முக்கியச் சான்றுகளாகின்றன.