சின்னமனூர்ச் செப்பேடும் வரகுணர் இருவரும்

ஒரு குடியின் வரலாற்றை ஆராயப் புகுவார்க்கு முதற்கண் நேரும் இடர் பெயரொற்றுமையாம். பாட்டன் பெயரைப் பூணுதலானே மகன் மகன் பெயரன் எனப்பட்டான். அன்பின் அடையாளமாகிய இவ்வழக்கம் பின்னர் ஆராய்வார்க்குப் பெருமயக்கம் விளைப்பது. பாண்டியர் குடியிலோ இம்மயக்கம் சைவ நூல்களின் கால ஆராய்ச்சியையே தொடுகின்றது. மாணிக்கவாசகப் பெருமான் திருக்கோவையாரில் வரகுணனை இரு செய்யுட்களிற் குறித்தருளினார். அவ்வரகுணன் யாவன்?

இதற்குத் துணையாவது கம்பம் பள்ளத்தாக்கிற் கிடைத்ததொரு செப்பேடு. தேனிக்கும் கம்பத்திற்கும் இடைப்பட்ட சின்னமனூர், பண்டு அளநாட்டு அரிகேசரிநல்லூர் என வழங்கிற்று. ஊர்ப்பெயரிலேயே ஒரு பாண்டியன் உறைகின்றான். அங்குக் கிடைத்த பெரிய செப்பேடு, இராசசிம்ம பாண்டியன் தன் 16ஆம் ஆட்சியாண்டில் நற்செய்கைப்புத்தூரை மந்தரகௌரவமங்கலம் எனத் தன் சிறப்புப் பெயரிட்டு அந்தணர் ஒருவர்க்கு ஈந்தமை கூறுவது. கிருஷ்ண சாஸ்திரியார் பதிப்பித்த இது 1929இல் வெளிவந்தது.

கொடையை உரைக்குமுன் கொடுத்தான் குடியை உரைத்தல் அக்கால மரபு. அகத்தியரைப் புரோகிதராகப் பெற்றமை, இந்திரன் ஆரம் பூண்டமை, மகாபாரதந் தமிழ்ப்படுத்தமை, மதுரையிற் சங்கம் வைத்தமை என முன்னோர் பெருமை முதலில் வருகின்றது. அக்குடியினர் தம்மைப்பற்றிக் கொண்டிருந்த நினைவாக அவை மதிக்கத்தக்கன. ஆண்டுக் கணக்கிற்கு உதவா. அதன்மேல் வரும் பெயர்வரிசையே ஆராய்ச்சிக்குரியது: அரிகேசரி, சடிலன், இராசசிம்மன், வரகுணன், சீமாறன் சீவல்லபன், மீண்டும் ஒரு வரகுணன், அவன் தம்பி பராந்தக வீரநாராயணன், அத்தம்பிக்கும் வானவன் மாதேவிக்கும் மகனாகிய கொடையாளி இராசசிம்மன். சீவல்லபனை நடுவிட்டு, வரகுணர் இருவரும் பாட்டனும் பெயரனுமாய் நிற்றல் காண்க.

வேள்விக்குடிச் செப்பேட்டை உடன்வைத்து நோக்கின் மற்றொரு முடிச்சும் அவிழும். அங்கே இராசசிம்மன் மகன் நெடுஞ்சடையன் எனப்படுகின்றான். வரகுணன் என்ற பெயரே இல்லை. ஒருவனே ஓரேட்டில் ஒரு பெயராலும் பிறிதோரேட்டில் வேறு பெயராலும் குறிக்கப்பட்டான் என்று கொண்டு, நெடுஞ்சடையனே முதல் வரகுணன் என நீலகண்ட சாஸ்திரியார் துணிந்தனர். தந்தை பெயர் ஒத்தலின் அத்துணிபு பொருந்துவதே.

இனி ஆண்டு. நெடுஞ்சடையன் காலத்து ஆனைமலைக் கல்வெட்டு கலி 3871, அஃதாவது கி.பி. 770 என்கின்றது. ஐவர்மலைச் சமணக் கல்வெட்டோ சகம் 792, அஃதாவது கி.பி. 870, வரகுணனுக்கு எட்டாம் ஆண்டு எனக் குறித்தலின், பெயரன் 862இல் அரசேறினான் என்பது பெறப்படும். இரு கல்லிற்கும் இடையே நூறாண்டு. கோவையார் குறிப்பது பாட்டனையாயின் அடிகள் சுந்தரமூர்த்திகள் காலத்தை நெருங்குவர். பெயரனையாயின் மூவர்க்கும் நெடிது பிற்பட்டவராவர். பின்னதே பலர் கொள்கை. திருத்தொண்டத்தொகையில் அடிகள் பெயர் வெளிப்பட வாராமை அதற்கு அரணாக அவர்களாற் காட்டப்படும்.

மறைமலையடிகள் கொண்டவாறு அடிகள் மூன்றாம் நூற்றாண்டினர் எனின், இவ்விருவர்க்கும் முற்பட்ட மூன்றாம் வரகுணன் ஒருவன் வேண்டும். அத்தகையான் இவ்வேடுகளிற் காணப்பட்டிலன். ஆயினும் கடுங்கோனுக்கு முற்பட்ட தலைமுறைகளை வேள்விக்குடியேடு தொடர்ந்து எண்ணாமையின், இக்குறை ஒன்றே அக்கொள்கையை மறுக்கப் போதாது. சின்னமனூர் ஏடோ போரையும் கொடையையும் பாடுவது. அமைச்சர் துறவைக் கூற எழுந்ததன்று.