கொழும்பு மாநகரிற் பொதுப் போக்குவரத்து: ஒரு வரலாற்று நோக்கு

கொழும்பின் வரலாற்றை எழுதுவோர் துறைமுகத்தையும் கோட்டையையும் வாணிபத்தையும் விரிவாகப் பேசுவர். அந்நகரின் மக்கள் நாள்தோறும் தத்தம் தொழிலிடங்களுக்கு எவ்வாறு சென்று மீண்டனர் என்ற வினாவை எழுப்புவோர் சிலரே. சொந்த வாகனம் உடையோர் நெடுங்காலம் நகரமக்களுள் ஒரு சிறு தொகுதியினராகவே இருந்தனர். ஏனையோர் எதனை நம்பி வாழ்ந்தனர், அந்நம்பிக்கையைக் காக்கும் பொறுப்பை யார் ஏற்றனர் என்பதைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் கூற்றில் வசதி படைத்தோர் குதிரை வண்டியிலும் ரிக்‌ஷாவிலும் சென்றனர், ஏழைகள் நடந்தனர். ரிக்‌ஷா இழுத்தோருட் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த தமிழ்த் தொழிலாளராவர். ஒருவர் அமர்ந்து செல்வதற்கு இன்னொருவர் மூச்சிரைக்க ஓடவேண்டியிருந்த காலம் அது. 1870களிற் கடற்கரையோரமாகத் தெற்கு நோக்கி நீண்ட புகையிரதப் பாதை நகரத்தின் எல்லையை விரித்தது. பிற்காலத்தில் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் குடியமர்ந்த தமிழ் எழுதுவினைஞர் பலர் கோட்டையிலுள்ள தம் அலுவலகங்களுக்குச் செல்ல இப்பாதையே துணைநின்றது.

1899ஆம் ஆண்டளவில் மின்சார ட்ராம் வண்டிகள் கொழும்பு வீதிகளில் ஓடத் தொடங்கின. இந்நாட்டிற்கு முதன்முதலாக மோட்டார்க்கார் வந்தது 1902இல் என்பர். ஆகவே, காருக்கு முன்னரே ட்ராம் இந்நகரத்தை அறிந்துகொண்டது எனலாம். கோட்டையிலிருந்து ஒரு பாதை கிராண்ட்பாஸுக்கும், மற்றொன்று மருதானையூடாகப் பொறளைக்கும் சென்றது. தொழிலாளியும் கடைச்சிப்பந்தியும் மாணவனும் சிறு கட்டணத்தில் நகரைக் கடக்க வழி பிறந்தது.

ஆயினும், ட்ராம் சேவை ஆங்கிலேயரான பூஸ்டெட் சகோதரரின் தனியார் முயற்சியாகவே நடந்தது. 1929ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ட்ராம் தொழிலாளர் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பெப்ரவரியில் அது மருதானையிற் கலவரமாக மூண்டது. பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. தொழிற்சங்க வரலாற்றில் இந்நிகழ்ச்சி பெறும் முக்கியத்துவம் யாவரும் அறிந்ததே. போக்குவரத்து வரலாற்றிலும் அதற்கு இடமுண்டு. நகரம் முழுவதும் நம்பியிருந்த ஒரு சேவை, முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான தனிப்பட்ட விவகாரமாக இருக்க முடியாது என்பதை அது உணர்த்திற்று.

இதே காலப்பகுதியில் பஸ் வண்டிகள் பெருகின. ஒன்றிரண்டு வண்டிகளை வைத்திருந்த சிறு உரிமையாளர்கள் ஒரே வீதியிற் பயணிகளுக்காகப் போட்டியிட்டனர். ஆட்கள் நிறைந்த பாதைகளில் வண்டிகள் ஒன்றையொன்று முந்தி விரைந்தன. ஆட்கள் குறைந்த இடங்களுக்கு வண்டியே செல்லவில்லை. இந்நிலையை ஆராய்ந்த ஹமண்ட் அறிக்கை 1937இல் வெளிவந்தது. 1942ஆம் ஆண்டின் பஸ் அனுமதிச் சட்டம் பாதை தோறும் உரிமம் வழங்கும் முறையை வகுத்தது. சிறு உரிமையாளர்கள் கம்பனிகளாக ஒன்றிணைந்தனர். போட்டி தணிந்ததாயினும், கம்பனிகளின் ஆதிக்கம் அதனிடத்தைப் பிடித்துக்கொண்டது.

1944இல் ட்ராம் சேவையைக் கொழும்பு மாநகர சபை பொறுப்பேற்றது. 1953இல் ட்ரொலி பஸ்கள் வந்தன. தண்டவாளமின்றி, மேலே கட்டிய மின்கம்பியினால் இயங்கிய வண்டிகள் இவை. ஆனால் ட்ராம் 1960இலும், ட்ரொலி பஸ் 1964இலும் மறைந்தன. மின்சாரத்தால் இயங்கிய நகரப் போக்குவரத்து அத்துடன் முடிவுற்றது. அதன்பின் கொழும்பு வீதிகளின் இயக்கம் இறக்குமதி எண்ணெயையே முற்றாகச் சார்ந்தது. இதன் விலையை நாம் பின்னரே அறிந்தோம்.

1958 ஜனவரி முதலாந் திகதி பஸ் கம்பனிகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவாயிற்று. இலண்டனில் ஓடிப் பழகிய இரட்டைத்தட்டு பஸ்கள் கொழும்பிலும் ஓடின. சபையின் குறைகள் பல. வண்டிகள் பழுதடைந்தன, நட்டம் பெருகிற்று, அரசியற் செல்வாக்கினால் ஆட்சேர்ப்பு மிகுந்தது. எனினும், அதிகாலையிலும் இரவிலும், ஆட்கள் குறைந்த பாதைகளிலும் வண்டி ஓட்டுவது தன் கடமை என்று அது ஏற்றது. மாணவருக்குக் குறைந்த விலையிற் பருவச்சீட்டு வழங்கியதும் அக்கடமையுணர்வின் பாற்பட்டதே.

1977இன் பின் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்தது. 1978இற் சபை பிரதேச சபைகளாகப் பிரிக்கப்பட்டது. 1979இல் தனியார் பஸ்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. வண்டிகளின் தொகை பெருகியது உண்மையே. ஆனால் சாரதியினதும் நடத்துனரினதும் வருவாய் அன்றாட வசூலைச் சார்ந்திருந்தமையால், நிறையும்வரை தரிப்பிடத்திற் காத்திருப்பதும், பின்னர் முன்வண்டியை முந்த விரைவதும் வழக்கமாயின. ஹமண்ட் காலத்து நோய் நாற்பது ஆண்டுகளின் பின் மீண்டும் தோன்றிற்று. பஸ்ஸில் நம்பிக்கை இழந்தோர், பணம் சேர்ந்ததும் மோட்டார்ச் சைக்கிளையோ காரையோ நாடினர். அவ்வாகனங்களால் வீதி நெரிசலுற, பஸ் மேலும் தாமதித்தது.

மாலபேயிலிருந்து கோட்டை வரை இலகு புகையிரதம் அமைக்க ஜப்பானிய கடனுதவியுடன் 2019இல் ஒப்பந்தமாகியது. 2020இல் அரசாங்கம் அதனைக் கைவிட்டது. ஈராண்டுகள் கழிந்து, 2022இல், எரிபொருள் நிலையங்களின் முன் கார்கள் நாட்கணக்கில் வரிசையாக நின்றன. பலர் சைக்கிளுக்குத் திரும்பினர். அன்று வாகனம் உடையவனும் இல்லாதவனும் ஒரே வீதியோரத்தில் ஒருங்கே செயலற்று நின்றனர்.

மேற்கண்ட வரலாறு ஓர் உண்மையை வலியுறுத்துகின்றது. ட்ராமாயினும் பஸ்ஸாயினும் புகையிரதமாயினும், குறித்த நேரத்தில் அது வரும் என்ற உறுதியே மக்களைக் கார் வாங்காமல் வாழவைக்கும். அவ்வுறுதியை இலாபக்கணக்கு மட்டும் ஒருபோதும் தந்ததில்லை. பொறுப்பற்ற நிர்வாகமும் தந்ததில்லை. வண்டிக்காகத் தரிப்பிடத்திற் காத்து நிற்கும் மனிதனுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டோர் யார் என்பதை நிர்ணயிக்காத வரை, எத்தகைய புதிய இயந்திரம் வந்தாலும் கொழும்பின் பழைய கதையே தொடரும்.