தலைப்பாகையும் 900 கசையடியும்

எங்கள் ஊர் ஹனூர். மாதேஸ்வரன் மலைக்குப் போகும் வழியில் இருக்கிறது. இப்போது கர்நாடகம். ஆனால் 1956 வரை கொள்ளேகால் தாலுகாவோடு சேர்ந்து கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அதற்கும் முன்னால் திப்பு சுல்தான் சீமை. ஆகவே வேலூர்ப் புரட்சியைக் கொஞ்சம் மைசூர்ப் பக்கமிருந்து பார்த்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

வங்கிகளில் டிரஸ் கோட் சுற்றறிக்கை வரும்போதெல்லாம் எனக்கு 1806 ஞாபகம் வரும். அந்த வருடம் சென்னை ராணுவத் தளபதி சர் ஜான் கிரடாக், பழைய விதிகளையெல்லாம் தொகுத்துப் புது விதிப்புத்தகம் போட்டார். அதன் 10வது பத்தியில்தான் வினை. சீருடையில் இருக்கும் சிப்பாய் நெற்றியில் சாதி, சமயக் குறி இடக்கூடாது. கடுக்கன் போடக்கூடாது. தாடி கூடாது. மீசை எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கூடவே தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை வேறு. பார்க்க வெள்ளைக்காரன் தொப்பி மாதிரி இருந்ததால், அடுத்து மதம் மாற்றப் போகிறார்கள் என்று சிப்பாய்கள் நினைத்தார்கள். தோலைத் தலையில் வைப்பது இந்துவுக்கும் ஆகாது, முஸ்லிமுக்கும் ஆகாது.

மே மாதம் வேலூரில் ஒரு படைப்பிரிவு மறுத்தது. 21 பேரை விசாரித்தார்கள். ஒரு இந்து, ஒரு முஸ்லிம், இருவருக்கும் தலா 900 கசையடி, வேலையும் போயிற்று. மற்ற 19 பேருக்கு 500 அடி. மன்னிப்புக் கேட்டதால் விட்டுவிட்டார்கள். "என்னய்யா சங்கடம்?" என்று ஒருவரும் உட்கார்ந்து கேட்கவில்லை. மறுப்பவனை ஒழுங்கீனக்காரன் என்று ஃபைலில் எழுதுவது எந்த நிர்வாகத்துக்கும் சுலபமான வேலைதானே.

1799ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் திப்புவின் பிள்ளைகளை அதே வேலூர்க் கோட்டையில்தான் வைத்திருந்தார்கள். ஜூலை 10 விடிவதற்கு முன் சிப்பாய்கள் எழுந்தார்கள். 69வது ரெஜிமெண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளையர் செத்தார்கள். கோட்டையில் மைசூர்க் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து சில மணி நேரத்தில் அடக்கினார். செத்த சிப்பாய்கள் சுமார் 350 பேர் என்கிறார்கள்.

விசாரணைக் கமிஷன் உடை விதி, திப்பு குடும்பம் இரண்டையும் காரணமாகச் சொன்னது. என் கணக்கில் முதலாவதுதான் பெரிது. இளவரசர்கள் ஏழு வருடமாக அங்கேதான் இருந்தார்கள், தலைப்பாகைதான் புதிது!

இங்கே நண்பர் ஒருவரின் மகளிடம், பகுதிநேர வேலையில் மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார்கள். அந்தப் பெண், சமயலறைச் சுத்தத்துக்காகவா, பார்வைக்காகவா என்று மேலாளரிடமே கேட்டாள். பார்வைக்குத்தான் என்றாராம். "அப்படியானால் எழுதிக் கொடுங்கள்" என்றாள். இன்றுவரை எழுதித் தரவில்லை, மூக்குத்தியும் இருக்கிறது. சுத்தமாக, இஸ்திரி போட்டு வா என்பது நியாயம். யாருடைய மகன், எந்த வீட்டுப் பெண் என்பதை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வா என்பது வேறு.

வேலூருக்குப் பிறகு அந்த விதிகளைத் திரும்பப் பெற்றார்கள். திப்பு குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். 1807ல் கிரடாக், கவர்னர் வில்லியம் பென்டிங்க் இருவரும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். கிரடாக் 1811ல் தென்னாப்பிரிக்காவில் கேப் காலனிக்கு கவர்னர் ஆனார். பென்டிங்க் 1828ல் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கே திரும்பி வந்தார். 900 அடி வாங்கியவர்கள் என்ன ஆனார்கள் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.