அணையைத் தடுத்த சிறு மீன்

விரல் நீளமே உள்ள ஒரு மீன், கட்டி முடியும் தறுவாயிலிருந்த ஓர் அணையைத் தடுத்து நிறுத்தியது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் இது நிகழ்ந்தது.

1973 ஆகஸ்டில், டென்னசிப் பல்கலைக்கழக விலங்கியல் அறிஞர் டேவிட் எட்னியர், லிட்டில் டென்னசி ஆற்றில் தாம் அறிந்திராத ஒரு சிறு மீனைக் கண்டார். பெரும்பாலும் நத்தைகளையே தின்பதால் அது 'ஸ்னெயில் டார்ட்டர்' எனப்பட்டது. ஸ்னெயில் என்றால் நத்தை. அதன் அறிவியல் பெயர் பெர்சினா டனாசி. டனாசி என்பது அவ்வாற்றங்கரையில் இருந்த செரோக்கி மக்களின் பழைய ஊர். மாநிலத்தின் பெயரும் அதிலிருந்து வந்ததே.

இம்மீனுக்கு வேண்டுவது ஆழம் குறைந்த, தெளிந்த, ஓடும் நீர். சரளைக் கற்களின் நடுவே அது இரை தேடுகிறது, முட்டையிடுகிறது. குஞ்சுகள் நீரோட்டத்தோடு கீழே சென்று, வளர்ந்தபின் மேலே திரும்புகின்றன. அணை குறுக்கிட்டால் என்ன ஆகும்? நீர் தேங்கும், வண்டல் படிந்து சரளையை மூடும், மீன் திரும்பும் வழியும் அடைபடும்.

அங்கே 1967 முதல் டெல்லிகோ அணை எழுந்து கொண்டிருந்தது. 1973 டிசம்பரில், அழிந்துவரும் உயிரினங்களைக் காக்கும் சட்டம் பிறந்தது. 1975இல் இம்மீன் அச்சட்டத்தின் பட்டியலில் சேர்ந்தது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. பத்துக் கோடி டாலருக்கு மேல் செலவாகியிருந்தும், 1978 ஜூனில் ஆறு நீதிபதிகள் மீனின் பக்கமும் மூவர் எதிராகவும் தீர்ப்பளித்தனர். அணை வேலை நின்றது.

1979 ஜனவரியில் உயர்மட்டக் குழு ஒன்று கணக்குப் பார்த்தது. எஞ்சிய வேலைக்கு ஆகும் செலவுக்குக்கூட அணையின் பயன் ஈடாகாது என அக்குழு ஒருமனதாக முடிவு செய்தது. ஆயினும் அதே ஆண்டில் நாடாளுமன்றம், நிதி மசோதா ஒன்றில் ஒரு பிரிவைச் சேர்த்து, டெல்லிகோவுக்கு மட்டும் விலக்கு அளித்தது. நவம்பரில் மதகுகள் மூடப்பட்டன. டனாசி ஊர் இருந்த இடமும் நீரில் மூழ்கியது.

மீன் அழிந்துவிட்டதா? இல்லை. அறிவியலார் அதை முன்னரே ஹிவாசி ஆற்றில் கொண்டுபோய் விட்டிருந்தனர். 1980 முதல் வேறு ஓடைகளிலும் அது காணப்பட்டது. 2022இல் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. 2025இல் வெளிவந்த ஓர் ஆய்வோ, இது தனி இனமன்று, பெர்சினா யுரனிடியா என்னும் இனத்தின் ஒரு கிளையே என்கிறது.

பெயர் எதுவாயினும் அதன் தேவை மாறவில்லை. அந்த மீன் வாழ்வதற்கு வேண்டியவை ஓடும் நீரும் சரளையும் நத்தையுமே. ஹிவாசியில் அவை இருந்தன, மீன் பிழைத்தது. லிட்டில் டென்னசியின் அப்பகுதி ஏரியாயிற்று. மீனை வேறிடம் கொண்டுபோகலாம். ஆற்றை அவ்வாறு கொண்டுபோக முடியுமா?