வேலியும் கொண்டியும்

நண்பர் ஒருவரின் மூன்று ஏக்கர் நிலத்துக்கு முள்கம்பி வேலி போடுவதற்காகச் சென்ற மாதம் இரும்புக்கடை ஒன்றில் நின்றுகொண்டிருந்தோம். கம்பி எத்தனை கேஜ், துத்தநாகப் பூச்சு எத்தனை ஆண்டு தாங்கும், கல்தூணா இரும்புத்தூணா, தூணுக்குத் தூண் எத்தனை அடி என்று எங்கள் கேள்விகள் எல்லாம் கம்பியைச் சுற்றியே வந்தன. பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த கடைக்காரர், "வாசல் எந்தப் பக்கம்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். நாங்கள் முடிவு செய்திருக்கவில்லை. அப்படியானால் கம்பி வாங்க இன்னும் நேரம் வரவில்லை என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டார்.

அவர் சொன்னதில் தொழில் நியாயம் இருக்கிறது. இழுத்துக் கட்டிய கம்பியின் விசை முழுவதையும் தாங்குபவை மூலைத்தூண்களும் வாசல்தூண்களுமே. இடையில் நிற்பவை கம்பியை ஏந்தி நிற்பதோடு சரி. ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு வரலாற்று நியாயமும் இருப்பதாக வீடு திரும்பும் வழியில் எங்களுக்குத் தோன்றியது. முள்கம்பியின் வரலாறு பெரும்பாலும் கம்பியைக் கண்டுபிடித்தவர்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அந்தக் கம்பியில் வாசல் எங்கே இருந்தது என்று கேட்டுக்கொண்டு அதை மீண்டும் வாசித்துப் பார்க்கலாம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1862ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டம், ஐந்தாண்டுகள் தங்கிப் பயிரிடுபவருக்கு 160 ஏக்கர் அரசு நிலத்தை உரிமையாக்கியது. மேற்கே சென்ற உழவர்கள் கண்டது மரமும் கல்லும் அருகிய புல்வெளி. மாடுகள் அங்கே கட்டின்றித் திரிந்தன. பயிரைக் காப்பது பயிரிட்டவன் பாடு என்பதே மேய்ச்சல்வெளியின் வழக்கம். மரவேலிக்குத் தொலைவிலிருந்து பலகை வர வேண்டும். ஒசேஜ் ஆரஞ்சு என்னும் முட்செடியை நெருக்கி நட்டு உயிர்வேலி வளர்த்தார்கள். அது மாடு புகாத அளவுக்கு அடர்வதற்குச் சில ஆண்டுகள் ஆகும். வெறுங்கம்பியோ வெயிலில் தொய்ந்தது, குளிரில் அறுந்தது. மாடுகள் அதில் உடலைச் சாய்த்துத் தேய்த்தே வழி உண்டாக்கிக்கொண்டன.

1873இல் இல்லினாய் மாநிலத்தின் டிகால்ப் ஊர்ச் சந்தையில் ஹென்றி ரோஸ் என்ற உழவர் முனைகள் துருத்திய ஒரு மரச்சட்டத்தைக் காட்சிக்கு வைத்தார். வேலியில் அதைத் தொங்கவிட்டால் மாடு அஞ்சி விலகும் என்பது அவர் எண்ணம். அதைப் பார்த்தவர்களில் மூவர் பின்னாளில் பெயர் பெற்றார்கள்: உழவர் ஜோசப் கிளிட்டன், மரவணிகர் ஜேக்கப் ஹேய்ஷ், இரும்புக்கடை வைத்திருந்த ஐசக் எல்வுட். முள்ளை மரத்தில் வைப்பானேன், கம்பியிலேயே வைக்கலாமே என்று மூவரும் தனித்தனியே முயன்றார்கள். கிளிட்டன் காப்பிக்கொட்டை அரைக்கும் கையெந்திரத்தைச் சற்று மாற்றி அதில் முட்களை முறுக்கி எடுத்ததாகச் சொல்வார்கள். அவருடைய தீர்வு மிக எளியது. ஒரு கம்பியில் முள்ளைச் சுற்றி, இன்னொரு கம்பியை அதனோடு சேர்த்து முறுக்கினால் முள் நழுவாது, சுழலாது. வெப்பத்தில் நீண்டு குளிரில் சுருங்கும் கம்பிக்கு அந்த முறுக்கே வில்லைப் போல் இடம் கொடுத்தது. 1874 நவம்பர் 24 அன்று 157,124 என்ற எண்ணில் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது.

அதில் பாதியை எல்வுட் 265 டாலருக்கு வாங்கினார். மறுபாதியை 1876இல் வாஷ்பர்ன் அண்ட் மோயன் நிறுவனம் 60,000 டாலரும் விற்பனையில் பங்குத்தொகையும் கொடுத்து வாங்கியது. 1874இல் ஏறத்தாழ 10,000 பவுண்டு எடை இருந்த உற்பத்தி 1880இல் 8 கோடி பவுண்டைத் தாண்டியது. காப்புரிமை வழக்குகள் 1892 வரை நீண்டு உச்ச நீதிமன்றத்தில் கிளிட்டனுக்குச் சாதகமாக முடிந்தன.

எளிய உழவனின் பயிரைக் காக்கப் பிறந்த கம்பி என்பதோடு இந்தக் கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். டெக்சஸில் நடந்தது வேறு. கம்பி மலிந்ததும் பெரும் பண்ணையாளர்கள் தங்கள் நிலத்தோடு பொதுநிலத்தையும் சேர்த்து வளைத்தார்கள். சில இடங்களில் சிறு உழவர்களின் நிலங்களே வளைப்புக்குள் அகப்பட்டன. பள்ளிக்கும் தேவாலயத்துக்கும் போகும் பாதைகள் மறிக்கப்பட்டன. அஞ்சல் கொண்டுவருபவன் வேலி முன் நின்றான். வேலியே பயிரை மேய்ந்த கதைதான். 1883இல் மழை பொய்த்தபோது, நீர்நிலை வேலிக்கு அப்பாலும் மாடு இப்பாலும் நின்றன. இரவுகளில் கூட்டம் கூட்டமாக வந்து வேலிகளை வெட்டி எறிந்தார்கள். துப்பாக்கிகள் வெடித்தன, உயிர்கள் போயின.

ஆளுநர் ஜான் அயர்லாந்து கூட்டிய சிறப்புக் கூட்டத்தில் 1884 தொடக்கத்தில் டெக்சஸ் சட்டமன்றம் ஒரு முடிவுக்கு வந்தது. வேலியை வெட்டுவது ஐந்தாண்டு வரை சிறைக்குரிய பெருங்குற்றம். பொதுநிலத்தையோ பிறர் நிலத்தையோ அனுமதியின்றி வளைப்பதும் குற்றம்தான், ஆனால் சிறுகுற்றம். இந்த எடைபோடலில் யார் கை ஓங்கியிருந்தது என்பது தெளிவு. எனினும் அதே சட்டத்தில் இன்னொரு விதியும் இருந்தது: பொதுப்பாதைக்குக் குறுக்கே வேலி போடுபவர் மூன்று மைலுக்கு ஒரு வாசல் வைக்க வேண்டும், அதைப் பழுதின்றிப் பேணவும் வேண்டும். நாம் தேடிய வாசல் சட்டத்துக்குள் நுழைந்த இடம் இது. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் முள்ளை எப்படி இறுக்குவது என்பதற்குக் கொட்டப்பட்ட அறிவில் ஒரு சிறு பங்கு, வேலியை யார் கடந்து போக வேண்டியிருக்கும் என்பதற்குச் செலவானதாகத் தெரியவில்லை.

மேய்ச்சல்வெளி வாசலின் வடிவமும் எளியதுதான். வேலியில் ஓடும் அதே முள்கம்பிகளைச் சில கழிகளில் கட்டிய ஒரு படல். கடைசிக் கழியின் அடியைத் தூணின் கீழுள்ள கம்பி வளையத்தில் செருகி, தலையை இழுத்து மேல் வளையத்தை மாட்டினால் அடைபட்டது. கீலும் இல்லை, தாழும் இல்லை. அந்த ஒற்றை வளையமே கொண்டி. குதிரையிலிருந்து இறங்கி, தோள் கொடுத்து நெருக்கி, அதைத் திறந்து மூட வேண்டும். திறந்திருந்த வாசலைத் திறந்தபடியும் மூடியிருந்ததை மூடியபடியும் விட்டுச் செல்வது அந்நாட்டில் இன்றளவும் எழுதா விதி. பகை மூண்ட ஒரு நிலத்தில் அந்தக் கம்பி வளையம் அந்நியர்களுக்கிடையே இவ்வளவு நம்பிக்கையைச் சுமந்தது.

வாசலற்ற கம்பி என்ன செய்யும் என்பதை 1885-86 குளிர்காலம் காட்டியது. வடக்கிலிருந்து மாடுகள் இறங்கிவராமல் தடுக்க டெக்சஸின் வடமுனையில் ஏறத்தாழ 200 மைலுக்குத் தடுப்புவேலி நின்றது. பனிப்புயலுக்கு முதுகு காட்டித் தெற்கே நடப்பது மாட்டின் இயல்பு. வேலி வரை வந்தவை மேலே செல்ல முடியாமல் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி, ஆயிரக்கணக்கில் விறைத்து மடிந்தன.

அதன்பின் மாட்டைத் தடுத்த கம்பி மனிதரைத் தடுக்கப் போனது. தென்னாப்பிரிக்காவில் போயர்களுக்கு எதிரான போரில், 1901 முதல் கிச்சனரின் படை காவலரண்களைக் கட்டி அவற்றுக்கிடையே ஆயிரக்கணக்கான மைல் முள்கம்பி இழுத்தது. பெண்களும் குழந்தைகளும் முகாம்களில் அடைபட்டார்கள். தமிழர்களாகிய நமக்கும் இது பிறர் கதை அன்று. 2009இல் வன்னிப் போரின் முடிவில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் முள்கம்பிக்குள் வைக்கப்பட்டார்கள். வெளியே சென்றுவர அவர்களுக்கு அனுமதி கிடைத்தது அவ்வாண்டு டிசம்பர் தொடக்கத்தில். கடைசி முகாம் மூடப்பட்டது 2012 செப்டம்பரில். அங்கும் வாசல் இருந்தது; அதன் கொண்டி உள்ளிருந்தவர்களின் கைக்கு எட்டாத பக்கத்தில் இருந்தது.

வேலி எல்லாமே தீது என்று வாதிடுவது எங்கள் நோக்கமன்று. ஆடு மேயும் ஊரில் நாற்று நட்டவனுக்கு வேலி வேண்டும். வேலியைத் திட்டமிடும்போது வாசல் முதலில் வரவேண்டும் என்பதே நாம் சொல்ல விழைவது.

மறுவாரம் நண்பரோடு நிலத்தைச் சுற்றி நடந்தோம். தென்கிழக்கு மூலையில் ஓர் ஒற்றையடிப் பாதை நிலத்தைக் கடந்து குளக்கரைக்குப் போவதை அன்றுதான் கவனித்தோம். ஆடு ஓட்டிச் செல்பவர்களின் பாதை. நண்பர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பின்பு வாசல்தூணுக்கான குழியை அங்கே தோண்டச் சொன்னார். மற்றத் தூண்களைவிட ஓர் அடி ஆழமாக, இருபுறமும் முட்டுக்கொடுத்து அதை நட்டோம். கதவின் சாய்சட்டம் கீழ்க்கீலிலிருந்து கொண்டியின் பக்கம் மேலேறுமாறு அமைத்தோம். அப்போதுதான் நாள்பட்டாலும் கதவு தொங்காது, கொண்டியும் தன் குழியில் சரியாக விழும். கடைக்காரர் கொடுத்த கொண்டி, இரு பக்கத்திலிருந்தும் திறக்கக்கூடியது. பூட்டு வேண்டுமா என்று அவர் கேட்டதற்கு, இப்போதைக்கு வேண்டாம் என்றார் நண்பர்.