கடற்பாசியும் தோடம்பழச் சாறும்

சம்மாந்துறையில் கடற்பாசி என்று சொன்னால் எவருக்கும் அலையோ கரையோ நினைவுக்கு வருவதில்லை. நோன்பு காலத்து மாலைகளில் கஞ்சிக் கோப்பைக்கும் பேரீச்சம்பழத் தட்டுக்கும் அருகே, சதுரங்களாக வெட்டி வைக்கப்படும் இனிப்புத்தான் நினைவுக்கு வரும். பாலில் காய்ச்சினால் வெள்ளை, சர்பத்தில் காய்ச்சினால் சிவப்பு, தோடம்பழச் சாற்றில் செய்தால் மெல்லிய மஞ்சள். வட்டிலாப்பத்தின் கனம் இதற்குக் கிடையாது. பகல் முழுவதும் வெறுமையாக இருந்த வயிற்றுக்கு அந்த இலேசுதான் வேண்டியிருக்கிறது.

இதே பண்டத்தை உலகின் பெரும்பகுதி ஜெலி என்கிறது. அங்கே அது ஜெலற்றினில் உறைகிறது. இங்கே கடற்பாசியில் உறைகிறது. ஏன் இந்த வேறுபாடு என்று கேட்டால் பெரும்பாலானோர் ஒரே விடையைச் சொல்வர்: "ஜெலற்றினில் ஹராம் கலந்திருக்கலாம், அதனால்." விடை பிழையன்று. ஆனால் அது வரலாற்றின் பின்பாதி மட்டுமே என்பது என் எண்ணம். முன்பாதியை வெயிலும் கடலும் எழுதிவிட்டன.

ஜெலற்றின் என்பது விலங்குகளின் தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றிலுள்ள கொலாஜன் என்னும் புரதத்தைக் கொதிக்க வைத்துப் பெறப்படுவது. ஐரோப்பியப் பிரபுக்களின் சமையலறைகளில் கன்றின் கால்களை நாள் முழுவதும் காய்ச்சி, வடித்து, எலுமிச்சையும் தோடம்பழமும் பிழிந்து உறையவைத்தனர். 1845இல் அமெரிக்கத் தொழிலதிபர் பீற்றர் கூப்பர் ஜெலற்றின் இனிப்புப் பொடிக்கு உரிமம் பெற்றார். ஆனால் அதை விற்பதில் அவர் அக்கறை காட்டவில்லை. 1897இல் நியூயோர்க் மாநிலத்தின் லெரோய் என்ற சிற்றூரில் பேர்ல் வெயிற் என்பவர் பொடியோடு பழச்சுவையையும் சீனியையும் சேர்த்தார். ஜெல்-ஓ பிறந்தது. தொடக்கத்தில் வந்த நான்கு சுவைகளுள் தோடம்பழமும் எலுமிச்சையும் இரண்டு. இரண்டே ஆண்டுகளில் அவர் அந்த உரிமையை 450 டொலருக்கு விற்றுவிட்டார் என்பது வணிக வரலாற்றின் சோகக் கதைகளுள் ஒன்று.

அந்தப் பொடிக்கு ஒரு நிபந்தனை உண்டு: குளிர் வேண்டும். நன்கு உறைவதற்குக் குளிர்சாதனப் பெட்டியோ பனிக்கட்டியோ தேவை. உறைந்த பின்னரும் 30 பாகை செல்சியஸைத் தாண்டினால் தளர்ந்து உருகத் தொடங்கும். நாவில் வைத்ததும் கரையும் அந்த இன்பத்தின் இரகசியமும் இதுவே. சம்மாந்துறையில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் நிழலிலேயே வெப்பம் 33 பாகையைத் தாண்டும். மின்சாரம் எல்லா வீடுகளுக்கும் வராத காலத்தில், வந்த பின்னரும் யுத்தத்தால் அது நிலையில்லாதிருந்த காலத்தில், ஜெலற்றின் பொடி அங்கே எதற்கு உதவும்? செய்தி தேடி அப்பக்கம் போன ஒரு நோன்பு காலத்தில் இதை நான் ஒரு மூதாட்டியிடம் கேட்டேன். "இந்த வெக்கைக்குள்ள அந்தப் பெட்டி ஜெலி எங்க மகன் உறையிற? கடற்பாசியெண்டா அடுப்புக்குப் பக்கத்துல வெச்சாலும் உறைஞ்சிரும்" என்றார்.

அவர் சொன்னது விஞ்ஞானம். கடற்பாசியிலிருந்து கிடைக்கும் அகர் ஏறத்தாழ 32 முதல் 40 பாகைக்குள் உறைந்துவிடும். உறைந்ததை மீண்டும் உருக்க 85 பாகை வரை சூடாக்க வேண்டும். இந்த விசித்திரமே அதனை வெப்ப நாடுகளின் பண்டமாக்கியது.

ஜேர்மனியில் றொபேர்ட் கொக்கின் ஆய்வுகூடத்திலும் இதே சிக்கல் எழுந்தது. பற்றீரியாக்களை வளர்க்க அவர்கள் ஜெலற்றினைப் பயன்படுத்தினர். மனித உடலின் வெப்பநிலையான 37 பாகையில் வைத்தால் அது உருகிப்போயிற்று. சில பற்றீரியாக்கள் அதைத் தின்று நீராக்கின. அங்கே பணியாற்றிய வால்ற்றர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபன்னி ஹெஸ்ஸே, 1881இல் அகரைப் பயன்படுத்திப் பார்க்கச் சொன்னார். தம் வீட்டுப் பழ ஜெலிகள் கோடையிலும் உருகாதிருக்க அவர் கையாண்ட வழி அது. ஜாவாவில் வாழ்ந்து வந்த அயலவரிடம் கற்றது. 1882இல் காசநோய்க் கிருமி பற்றிய கொக்கின் அறிக்கையில் அகர் இடம்பெற்றது. ஃபன்னியின் பெயர் இடம்பெறவில்லை. இன்றும் உலகின் ஒவ்வொரு நுண்ணுயிர் ஆய்வுகூடத்திலும் இருப்பது அந்தச் சமையலறை அறிவுதான்.

அகர் என்ற சொல்லே மலாய்மொழிச் சொல். பாசியைக் காய்ச்சி, உறையவைத்து, உலர்த்தி, நாராக்கும் நுட்பம் யப்பானுடையது. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கியோத்தோவுக்கு அருகே ஒரு விடுதிக்காரர் வெளியே எறிந்த மிச்சம் இரவுப் பனியில் உறைந்து வெயிலில் காய்ந்ததைக் கண்டு அதை அறிந்தார் என்பது அங்குள்ள மரபுக்கதை. நம் கடைகளில் சைனா கிராஸ் என்ற பெயரில் விற்கப்படுவது அந்த நார்தான். மலாய்த் தீவுகளின் உணவு வழக்கம் கிழக்கிலங்கை வரை வந்ததில் வியப்பில்லை. சம்பான் என்னும் தட்டையடிப் படகுகள் நெல் ஏற்ற வந்த துறை என்பதால் சம்பான்துறை, அதுவே சம்மாந்துறை என்று ஊரார் தம் ஊர்ப்பெயருக்கு விளக்கம் சொல்வர். பெயராய்வாளர்கள் அதை ஏற்பார்களோ மறுப்பார்களோ, வயல்களின் நடுவே இருக்கும் ஓர் ஊர் தன்னைக் கடல்வழியோடு இணைத்தே நினைவு வைத்திருக்கிறது என்பது கவனத்துக்குரியது.

ஆனால் பாசிக்காக யப்பானுக்கோ ஜாவாவுக்கோ போக வேண்டிய தேவையும் நமக்கு இருக்கவில்லை. புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் இடையிலுள்ள களப்பில் கிரசிலேரியா என்னும் செம்பாசி இனம் செழித்து வளர்ந்தது. தென்மேற்குப் பருவக்காற்றில் நீர் கலங்கும்போது அது வேரறுந்து மிதக்கும். மக்கள் அதைச் சேகரித்துப் பாய்களில் பரப்பி இரண்டு மூன்று நாள் உலர்த்தினர். பின்னர் நன்னீரில் பலமுறை அலசி, மறுபடியும் வெயிலில் வைத்து வெளுக்கவைத்தனர். ஆங்கிலேயர் அதற்கு இட்ட பெயர் இலங்கைப் பாசி. கல்கத்தாவில் பணியாற்றிய ஐரிஷ் மருத்துவர் வில்லியம் புரூக் ஓஷோனெசி 1830களில் அதைப் பகுப்பாய்வு செய்து, பாதிக்கு மேற்பட்ட பங்கு உறையும் பொருளே எனக் கண்டார். (இந்தியாவில் தந்தி முறையைத் தொடக்கி வைத்தவரும் இவரே.) 1868இல் வெளியான இந்திய மருந்தியல் நூலில், நோயாளிகளுக்கேற்ற இலேசான உணவாக இலங்கைப் பாசி இடம்பிடித்தது. மன்னார்க் குடாவின் மறுகரையில், இராமேசுவரம் பகுதியில், இதே இனத்தைக் கஞ்சிப்பாசி என்கின்றனர். அங்கே கடலில் மூழ்கி அதைப் பறித்துவந்தோர் பெரும்பாலும் பெண்களே. இரண்டாம் உலகப் போரில் யப்பானிய அகர் வராமற் போனபோது ஆய்வாளர்களின் கண்கள் இந்தக் கரையை நோக்கித் திரும்பின.

இனிப் பின்பாதிக்கு வருவோம். பெட்டி ஜெலியும் குளிர்சாதனப் பெட்டியும் ஒருசேர வந்த பின்னரே ஜெலற்றின் பற்றிய மார்க்க வினா வீட்டுக்குள் நுழைந்தது. பன்றித் தோல் அதன் முக்கிய மூலப்பொருள்களுள் ஒன்று. 1986இல் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, பன்றியிலிருந்து பெறப்படும் ஜெலற்றினை உணவில் சேர்ப்பது ஆகாது என முடிவுசெய்தது. 1995இல் குவைத்தில் நடந்த மருத்துவ ஃபிக்ஹ் கருத்தரங்கோ, ஒரு பொருள் முற்றாக வேறொன்றாக மாறிவிட்டால் அதன் சட்டமும் மாறும் என்ற நிலைப்பாட்டை எடுத்தது. இலங்கை முஸ்லிம்களிற் பெரும்பான்மையோர் பின்பற்றும் ஷாஃபி மத்ஹப் இத்தகைய மாற்றத்தை எளிதில் ஏற்பதில்லை. ஆகவே பொதியின் பின்புறத்தைப் படிப்பது பழக்கமாயிற்று.

2013இல் இந்தப் பழக்கமே அரசியலாக்கப்பட்டது. ஹலால் இலச்சினைக்கு எதிராகப் பொது பல சேனா கூட்டங்கள் நடத்தியது. மார்ச் மாதத்தில் உள்ளூர்ச் சந்தைப் பொருள்களிலிருந்து இலச்சினையை நீக்க அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா இணங்கியது. ஹலால் என்பது நேற்று வெளியிலிருந்து இறக்குமதியான ஒரு திணிப்பு என்று அன்று மேடைகளில் பேசினர். எழுத்துகள் அச்சிட்ட இலச்சினை புதிதுதான். ஆனால் எதில் உறைகிறது என்று பார்த்து உண்ணும் ஒழுக்கம் புதிதல்ல. அதற்கு முத்திரையோ முரண்பாடோ தேவைப்படாத ஒரு பண்டம் இத்தீவின் களப்பிலேயே கிடைத்தது என்பதை அந்த மேடைகளில் எவரும் நினைவூட்டவில்லை.

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு சந்தேகம் மறுபக்கம் திரும்பியது. சம்மாந்துறையிலிருந்து அதிக தொலைவில்லாத அம்பாறை நகரில், முஸ்லிம் உணவகமொன்றின் உணவில் மலட்டு மாத்திரை கலக்கப்பட்டதாக வதந்தி பரவியது. உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. ஆய்வில் அந்தக் கட்டி வெறும் மாவுப்பொருள் எனத் தெரிந்தது. மா சூட்டில் கட்டிப்படும் என்பது சமைப்போர் எல்லோரும் அறிந்த செய்தி.

செய்முறையையும் சொல்லிவிடுகிறேன். பதார்த்தம் எளிது, ஒரே ஓரிடத்தில்தான் கவனம் வேண்டும்.

பத்துக் கிராம் கடற்பாசி நாரை அரை மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்து, 700 மில்லிலீற்றர் நீரில் இட்டு, நார் கண்ணுக்கே தெரியாதபடி கரையும்வரை கொதிக்க விட வேண்டும். பத்து நிமிடமளவு பிடிக்கும். 150 கிராம் சீனியையும், வெள்ளைப் பகுதி சேராமற் சீவிய தோடந்தோலையும் இட்டு இரண்டு நிமிடம் கழித்து வடித்துக்கொள்க. பிபிலைத் தோடம்பழம் கிடைத்தால் அதுவே சிறந்தது. தோல் பச்சையாக இருக்கிறதென்று ஒதுக்க வேண்டாம். குளிர் இரவுகள் இல்லாத நாட்டில் முற்றிப் பழுத்த பின்னும் தோல் பச்சையாகவே இருக்கும்.

சாறு 250 மில்லிலீற்றர், அதோடு ஒரு தேசிக்காயின் புளிப்பு. இதை அடுப்பில் ஏற்றவே கூடாது. புளிப்பும் கொதியும் சேர்ந்தால் அகரின் இழைகள் அறுந்து, உறையும் வலு போய்விடும். பாத்திரத்தை இறக்கி, ஆவி அடங்கி, ஆனால் இன்னும் நல்ல சூடாக இருக்கும்போது சாற்றைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்க வேண்டும். சாறு அறைச் சூட்டில் இருத்தல் அவசியம். குளிர்ந்த சாறு பட்டால் ஆங்காங்கே திரளும். பிறகு தட்டில் ஊற்றி ஆடாமல் வைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் உறைந்துவிடும். குளிர்சாதனப் பெட்டி இருந்தால் அது குளிர்ச்சிக்காகவே, உறைவதற்காக அல்ல.

தளர்ந்துபோனால் அதையே மீண்டும் கொதிக்க வைப்பதில் பயனில்லை, சாறும் சேர்ந்து கொதித்து இன்னும் கெடும். மேலும் இரண்டு மூன்று கிராம் நாரைச் சிறிது நீரில் தனியே காய்ச்சிக் கரைத்து, தளர்ந்ததை இளஞ்சூடாக்கி, இரண்டையும் கலந்து மறுபடியும் தட்டில் ஊற்றினால் நோன்பு திறப்பதற்குள் சதுரம் சதுரமாக வெட்ட வரும்.