தலைப்பேறும் மறுபேறும்: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்தில் ஓர் இடைவெளியின் கணக்கு

இரண்டாம் பிரசவத்துக்கு வரும் பெண்ணின் கேஸ் ஷீட்டில் ‘ஜி2 பி1 எல்1’ என்று குறித்திருப்பார்கள். இரண்டாவது கருத்தரிப்பு, ஒரு பேறு முடிந்தது, ஒரு குழந்தை உயிரோடு இருக்கிறது என்பது அதன் பொருள். பிரசவ அறைப் பேச்சில் தலைப்பிரசவக்காரி ‘பிரைமி’, மற்றவர் ‘மல்ட்டி’. வலி எவ்வளவு நேரம் நீடிக்கும், எதற்கு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதையெல்லாம் மருத்துவர் இந்தக் குறியிலிருந்தே கணிக்கத் தொடங்குகிறார். தலைப்பேற்றின்போது வேலையில் இருந்த பெண் இப்போதும் அதே வேலையில் இருக்கிறாரா என்பதை மட்டும் அந்தத் தாளில் எங்கும் காண முடியாது. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தைப் பொறுத்தவரை இரு பேறுகளையும் ஒப்பிடுவதற்கு இந்தக் கேள்வியே அடிப்படை என்பது இக்கட்டுரையின் வாதம். சட்டம் முதல் இரண்டு பேறுகளுக்கும் ஒரே அளவு விடுப்பைத் தருகிறது. ஆனால் இங்குள்ள வேலை அமைப்பில், முதல் பேறே இரண்டாம் பேற்றுக்கான உரிமையைக் கைநழுவச் செய்துவிடுகிறது.

உடலிலிருந்து தொடங்குவோம். இரண்டாம் பேறு விரைவானது என்ற பாட்டிமார் அனுபவத்துக்கு மருத்துவத்தின் ஒப்புதல் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பிரசவகாலப் பரிந்துரைகளின்படி, கருப்பை வாய் 5 சென்டிமீட்டர் விரிந்தபின் முழு விரிவை எட்டத் தலைப்பேற்றில் பொதுவாக 12 மணி நேரத்துக்கு மேல் ஆகாது. அடுத்தடுத்த பேறுகளில் 10 மணி நேரம். குழந்தையை முக்கி வெளியேற்றும் கட்டத்துக்கு முன்னதில் 3 மணி, பின்னதில் 2 மணி என்பது மேல்வரம்பு. பெரும்பாலோருக்கு இதைவிடக் குறைவாகவே ஆகிறது. கர்ப்பகால இரத்தக் கொதிப்பு நோயின் ஆபத்தும் தலைப்பேற்றில்தான் அதிகம். பால் சுரப்பும் இரண்டாம் முறை முன்கூட்டியே சீராகிவிடுகிறது. எந்த வலி சூட்டுவலி, எது பிரசவ வலி என்று பிரித்தறியும் தெளிவும் ஏற்கெனவே பெற்றவருக்கு இருக்கிறது. எதிர்த்திசையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிள்ளை பிறந்தபின் கருப்பை சுருங்கும்போது வரும் வலி இரண்டாம் பேற்றில் கூடுதலாக இருக்கும். குழந்தை பால் குடிக்கும்போதெல்லாம் அது தூண்டப்படும். ‘முன்னமே பெற்றவள்தானே’ என்று வார்டில் யாரும் பொருட்படுத்தாமல் விடுகிற வலி அது.

ஆனால் மேற்சொன்ன சலுகைகளில் பெரும்பாலானவை முதல் குழந்தை சுகப்பிரசவமாகப் பிறந்திருந்தால்தான் கிடைக்கும். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21) தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு பிரசவங்கள் சிசேரியன் என்று காட்டியது. அரசு மருத்துவமனைகளில் 36, தனியார் மருத்துவமனைகளில் 63.8. இந்த விகிதத்தில், இரண்டாம் பேற்றுக்கு வரும் பெண்களில் கணிசமானோர் கருப்பையில் தழும்போடு வருகிறார்கள். வலி எடுக்காமலேயே முதல் முறை கத்தி வைக்கப்பட்டிருந்தால், அவருடைய கருப்பை வாய் தலைப்பேற்றுப் பெண்ணுடையதைப் போலவேதான் நடந்துகொள்ளும். தழும்போடு சுகப்பிரசவத்துக்கு முயல்வோரில் 60 முதல் 80 விழுக்காட்டினர் வெற்றி பெறுகிறார்கள் என்பது மகப்பேறு மருத்துவ நூல்களில் நெடுநாளாக உள்ள கணக்கு. ஆனால் அப்படி முயல, இரவும் பகலும் மயக்க மருந்தாளரும் இரத்தமும் ஆயத்தமாக இருக்கும் மருத்துவமனை வேண்டும். அது இல்லாத இடத்தில் முதல் சிசேரியன் இரண்டாவதையும் முடிவுசெய்துவிடுகிறது. இரண்டாம் அறுவைக்குப் பின் கனமான எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்புவார்கள். வீட்டில் பத்துப் பன்னிரண்டு கிலோ எடையுள்ள முதல் குழந்தை தூக்கச் சொல்லிக் கையை நீட்டிக்கொண்டு நிற்கும்.

விரைவும் எல்லா இடத்திலும் நன்மையாகிவிடாது. வல்லம், ஒரகடம், படப்பை பக்கத்து வாடகை வீடுகளிலிருந்து செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரிக்கோ காஞ்சிபுரம் தலைமை மருத்துவமனைக்கோ போகும் சாலைகள், கார்களையும் கன்டெய்னர்களையும் ஏற்றிச் செல்லும் லாரிகளின் சாலைகள். தலைப்பேற்றுக்காரிக்கு வலி தொடங்கியபின் அவகாசம் இருக்கிறது; பெரியவர்களைக் கேட்டு, பை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். இரண்டாம் பேறு அந்த அவகாசத்தைத் தருவதில்லை. அப்போது வீட்டில் இன்னொரு ஆளும் வேண்டும்.

அந்த இன்னொரு ஆளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். தமிழ்ச் சமூகங்கள் பலவற்றில் தலைப்பேறு தாய்வீட்டுக்கு உரியது. ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பிட்டு அழைத்துப் போவார்கள். பத்தியமும் பிரசவ லேகியமும் கொடுத்து, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நாள் பார்த்துக் கொண்டுவந்து விடுவார்கள். சடங்கு என்று நாம் பார்க்கும் இது உண்மையில் ஒரு பராமரிப்பு ஏற்பாடு: பெற்றவளுக்கு ஓய்வும் உணவும் ஆள்துணையும் உறுதியாகக் கிடைக்கும் சில மாதங்கள். இரண்டாம் பேற்றுக்கு வளைகாப்பு பெரும்பாலும் கிடையாது. பிரசவம் புகுந்த வீட்டிலோ இருந்த இடத்திலோ நடக்கும். மாமியார், நாத்தனார், ஓரகத்தி என்று ஆட்கள் நிறைந்த வீட்டை மனத்தில் வைத்து அமைந்த வழக்கம் இது. விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வேலை தேடி வந்து, சுங்குவார்சத்திரத்தில் ஓர் அறையும் சமையற்கட்டும் வாடகைக்கு எடுத்துக் குடியிருக்கும் கணவன் மனைவிக்கு இந்த வழக்கத்தின் பாதிதான் மிச்சம். தாய்வீட்டுப் பேறு முதல் முறையோடு முடிந்தது. புகுந்த வீட்டு ஆட்கள் இங்கே இல்லை. முதல் குழந்தை பள்ளியில் சேர்ந்துவிட்டிருந்தால் ஊருக்குப் போவதும் எளிதல்ல.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004 முதல் பிரசவ அறையில் பெண் ஒருவர் துணையிருக்க அனுமதி உண்டு. இந்தியாவுக்கே முன்மாதிரியான நல்ல ஏற்பாடு அது. தலைப்பேற்றில் அந்த இடத்தில் அம்மா நிற்பார். இரண்டாம் முறை ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்த அதே அம்மா, வாடகை அறையில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரே ஆளுக்கு இரண்டு வேலை. கைவிடப்படுவது பெரும்பாலும் பிரசவ அறை. ‘இரண்டாவதுதானே, தனியாகச் சமாளித்துக்கொள்வாள்’ என்ற எண்ணம் இங்கிருந்துதான் வலுப்பெறுகிறது. ஆள் இல்லாத குறையை அனுபவத்தின் பெயரால் மறைக்கிறோம்.

இனி வேலைக்கு வருவோம். இந்தியத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெண்களில் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். மின்னணுப் பொருள்களை இணைக்கும் ஆலைகள் இந்த வட்டாரத்தில் பெரும் எண்ணிக்கையில் பெண்களை வேலைக்கு எடுத்திருக்கின்றன. அவர்களுக்காகச் சிப்காட் நிறுவனம் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் கட்டிய குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 18,720 பெண்கள் தங்கலாம். அறைக்கு 6 பேர். பாதுகாப்பான இருப்பிடம் இல்லாமல் அல்லற்பட்ட பெண்களுக்கு அது பெரிய உதவி என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அறைக்கு 6 பேர் என்பது குழந்தை இல்லாத பெண்ணுக்கான கணக்கு. திருமணத்துக்கு முன் இந்த வட்டாரத்தில் பெண்ணுக்கு இடம் இருக்கிறது. ஒரு பிள்ளையோடு வருகிறவளுக்கு, அதாவது முதல் பேற்றுக்கும் இரண்டாம் பேற்றுக்கும் நடுவில் இருக்கிறவளுக்கு, அதே அளவில் திட்டமிட்ட இடம் ஏதுமில்லை.

பழைய சான்று ஒன்றும் உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. தொடக்கத்தில் 18 வயதில் சேர்ந்த பெண்ணுக்கு ஆலை மூடியபோது 26 வயது. திருமணமும் தலைப்பேறும் அந்த எட்டு ஆண்டுகளுக்குள் அடங்கியிருக்கலாம். இரண்டாம் பேறு வேலை போனபின் வந்திருக்கக்கூடும். ஆலைகளின் ஆயுளும் ஒப்பந்தங்களின் ஆயுளும் பெண்ணின் இரண்டு பேறுகளையும் தாங்கும் அளவுக்கு நீண்டிருக்கின்றனவா என்ற கேள்வியை அந்த மூடல் எழுப்பியது. அதை நாம் அன்று கேட்கவில்லை. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், இதே வட்டாரத்து ஃபாக்ஸ்கான் ஆலையின் இணைப்புப் பிரிவில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்று செய்தி வெளியிட்டது. நிறுவனம் மறுத்தது, மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது, தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. அந்தக் குற்றச்சாட்டின் முடிவு எதுவானாலும், விவாதம் முழுவதும் நுழைவாயிலைப் பற்றியே இருந்தது. உள்ளே இருந்து, பிள்ளை பெற்று, திரும்பி வருகிறவரைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை.

சட்டத்தைப் பார்ப்போம். 2017ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் முதல் இரண்டு குழந்தைகளுக்கும் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. உயிரோடு இரண்டு குழந்தைகள் இருக்கும் பெண்ணுக்கு 12 வாரம். 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இதே அளவுதான். ஆக, சட்டத்தின் பார்வையில் முதலுக்கும் இரண்டாவதற்கும் வேறுபாடு இல்லை; அது பாராட்டத்தக்கது. உரிமை கிடைப்பதும் கிடைக்காததும் தகுதி விதியில் இருக்கிறது. மகப்பேறு நல விதி பேற்றுக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலையைக் கேட்கிறது. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. காப்பீடு பொருந்தும். அதில் முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாள்களுக்குப் பங்களிப்பு இருக்க வேண்டும். பங்களிப்புக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என ஓடுகிறது. ஜூலை முதல் டிசம்பர் வரை நிகழும் பேறுகளுக்கு அவ்வாண்டு மார்ச்சோடு முடியும் ஓராண்டே கணக்கில் வரும். தலைப்பேற்றுக்காக வேலையை விட்டு, இரண்டு ஆண்டு கழித்துப் பிப்ரவரியில் திரும்பிய பெண்ணை எடுத்துக்கொள்வோம். மார்ச்சில் கருவுற்று டிசம்பரில் பெறுகிறார். அதுவரை லைனில் நின்று உழைத்திருக்கலாம். ஆனால் கணக்கில் சேர்வன பிப்ரவரி, மார்ச் மாத நாள்கள் மட்டுமே. அவை 70ஐ எட்டா.

முதல் பேற்றில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை. வேலைக்கு வந்து ஆண்டுகள் ஓடியபின் அந்தப் பேறு வருகிறது. இரண்டாம் பேறு வேலைத்தொடர் அறுந்தபின் வருகிறது. ஒரு பேற்றுக்கும் அடுத்த கருவுக்கும் குறைந்தது 24 மாத இடைவெளி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நெடுநாள் அறிவுரை: பிறந்த குழந்தைக்கு இரண்டு வயதாகும்வரை அடுத்த கரு வேண்டாம் என்கிறது அது. இந்த இடைவெளியில் பெண் வேலையில் இருந்தால்தான் இரண்டாம் பேற்றின் உரிமை உயிரோடு இருக்கும். வேலையில் இருப்பதற்குக் குழந்தைக் காப்பகம் வேண்டும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் காப்பகம் வைக்க வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் தொழிலாளர்கள் காஞ்சிபுரம், வாலாஜாபாத், அரக்கோணம் என்று தொலைவிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறார்கள். விடியுமுன் ஏறும் ஷிப்ட் பஸ்ஸில் ஒன்றரை வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. வீட்டருகே உள்ள அங்கன்வாடி இரண்டு வயதான பிள்ளைகளுக்கு. அதுவும் மாலைக்குள் மூடிவிடும். இரவு ஷிப்டுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. காப்பகம் ஆலைக்குள் இருப்பதைவிடக் குடியிருப்புப் பகுதியில், ஷிப்ட் நேரத்துக்குத் திறந்திருப்பதே இங்கே பொருந்தும். அதன் செலவைப் பல ஆலைகள் கூடிப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

பெண்கள் விரும்பித்தான் வேலையை விடுகிறார்கள், பிள்ளையோடு இருக்க நினைக்கிறார்கள் என்ற மறுப்பு நேர்மையானது. பல பெண்கள் அப்படியே சொல்வார்கள். குழந்தையை ஊரில் பாட்டியிடம் விட்டுவிட்டு விடுதியில் தங்குவது அல்லது வேலையை விடுவது என்ற இரண்டைத் தவிர வேறு வழி முன்னால் வைக்கப்படாதபோது, இரண்டாவதைத் தேர்ந்தவரின் விருப்பத்தை அதன் முகமதிப்பில் எடுத்துக்கொள்ள என்னால் இயலவில்லை.

அரசின் பண உதவியிலும் பேறுகளின் எண் பார்க்கப்படுகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 1987இல் தொடங்கிய தமிழ்நாட்டுத் திட்டம் இன்று 18,000 ரூபாய் அளவில் இரண்டு பேறுகளுக்கும் துணைநிற்கிறது. மத்திய அரசின் பிரதமர் மாத்ரு வந்தனா திட்டமோ 2017இல் முதல் குழந்தைக்கு மட்டும் 5,000 ரூபாய் என்று தொடங்கி, பின்னர் இரண்டாவது பெண்ணாகப் பிறந்தால் 6,000 என்று விரிந்தது. பெண்குழந்தையைக் காக்கும் நோக்கம் சரியானது. ஆனால் இழந்த கூலிக்கு ஈடு செய்வதும் இத்திட்டத்தின் அறிவிக்கப்பட்ட நோக்கம். ஆண்குழந்தையைப் பெற்றவள் இழக்கும் கூலி எந்த வகையிலும் குறைந்ததல்ல.

தமிழ்நாட்டில் இரண்டாம் பேறு பெரும்பாலும் கடைசிப் பேறு. அதே ஐந்தாம் சுற்று ஆய்வின்படி மணமான பெண்களில் 57.8 விழுக்காட்டினர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களின் பங்கு 0.1. பலருக்கு இரண்டாம் பேற்றுக்காக மருத்துவமனையில் சேர்ந்தபோதே அதுவும் முடிந்துவிடுகிறது. முதல் பேற்றுக்குப் பின் இருந்த இன்னொரு கர்ப்பம் என்ற காரணத்தைக்கூட இனி எந்த நிறுவனமும் சொல்ல முடியாது. முப்பது வயதைத் தொடாத, தொழில் பழகிய, இனி மகப்பேற்று விடுப்பே கேட்கப் போகாத பெண் அவர். அவரைத் திரும்ப எடுக்காமல் ஆண்டுதோறும் புதிய பதினெட்டு வயதுப் பெண்களைத் தேடிப் போவது, மகப்பேற்றுச் செலவு பற்றிய அச்சத்தால் மட்டும் நடப்பதாக எனக்குத் தோன்றவில்லை. விடுதியில் தங்கி எந்த ஷிப்டுக்கும் வரக்கூடிய ஆள்தான் வேண்டும் என்பதே அடிப்படை விருப்பம்.

இந்த வாதத்தைச் சோதிக்கத் தேவையான தகவல் ஏற்கெனவே அரசிடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பமும் பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண்ணோடு பதிவாகிறது. பேறு வரிசையும் பிரசவ முறையும் அதில் உண்டு. இ.எஸ்.ஐ. காப்பீட்டு எண்ணில் பெண்ணின் பங்களிப்பு நாள்களும் அவர் பெற்ற மகப்பேற்றுப் பயனும் உண்டு. பெயர்களை நீக்கி இவ்விரண்டையும் காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்கள் அளவில் இணைத்துப் பார்த்தால், முதல் பேற்றுக்குப் பயன் பெற்றவர்களில் எத்தனை பேர் இரண்டாவதற்கும் பெற்றார்கள் என்பது தெரியும். எந்த ஆலைத் தொகுதியில் அந்தத் தொடர் அறுபடுகிறது, காப்பகம் உள்ள இடங்களில் அது குறைவாக அறுபடுகிறதா என்பதையும் அறியலாம். பொது சுகாதாரத் துறையும் இ.எஸ்.ஐ. கழகத்தின் வட்டார அலுவலகமும் சேர்ந்து அந்தப் பட்டியலை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ‘ஜி2 பி1 எல்1’ என்ற வரிக்குக் கீழே ‘தற்போதைய வேலை, முதல் பேற்றின்போது வேலை’ என்று இரண்டு கட்டங்களைச் சேர்ப்பதற்குக் கேஸ் ஷீட்டை மீண்டும் அச்சடிக்கும் செலவுதான் ஆகும்.